எந்த ஆவணப்படம் பார்க்கலாம்?

நோர்வூட் இளைஞர்: அண்ணே, எங்கள் தோட்டத்து வாசகசாலையில் மாதம் ஒரு ஆவணப்படம் போடப்போகிறோம். முதலில் எதைப் போடலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம் தம்பி, 'ஹார்லன் கவுண்டி, யூ.எஸ்.ஏ.' போடுங்கள். பார்பரா கோப்பிள் எடுத்து 1976இல் வந்த படம். அமெரிக்காவின் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1973இல் தொடங்கிய வேலைநிறுத்தம்தான் விஷயம். கொழும்பில் ஒரு திரையிடலில் பார்த்தேன். கம்பனி கொடுத்த வீடு, உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை, ஒரு தாய் தொட்டியில் வைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். எனக்கு எங்கள் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பீலிக்கரை, எல்லாரும் தண்ணீர் எடுக்கும் இடம், ஞாபகம் வந்துவிட்டது. ஆண்கள் மறியலில் நிற்க நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டதும், பெண்கள் தடியோடு வந்து சாலையை மறிக்கிறார்கள். ஒரு இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்த பிறகுதான் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 1977இல் ஆஸ்கர் கிடைத்தது. பேச்சு ஆங்கிலம்தான், ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லட்டும். நம் பெண்களுக்கு அதுவே போதும், மிச்சத்தை முகங்களே சொல்லிவிடும்.

பண்டாரவளை ஆசிரியை: 'சோங் ஒஃப் சிலோன்' பார்க்க வேண்டிய படமா?

பதில்: கட்டாயம் பாருங்கள் டீச்சர். 1934இல் தேயிலைப் பிரசாரச் சபைக்காக பசில் ரைட் எடுத்தது. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டின் குரல். காட்சிகளின் அழகு இன்றும் குறையவில்லை. ஆனால் மூன்றாம் பகுதியில் சந்தை விலையும் வியாபாரக் கடிதமும் ஒலிக்கின்றன. கொழுந்தெடுப்பவர்களுக்குக் குரல் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது வலிக்கிறது. அந்தப் பெண்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள்.

மாத்தளை தாய்: சின்னப் பிள்ளைகளோடு பார்க்க?

பதில்: 'த எலிபன்ட் விஸ்பரர்ஸ்'. நாற்பது நிமிடம்தான், தமிழில் பேசுகிறார்கள். தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்து முதுமலை யானைகள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இங்கிருந்து போன நம் சனத்தில் பலர் குடியேறியதும் அதே நீலகிரி மாவட்டத்தில்தான்.

மஸ்கெலியா மாணவர்: எனக்கும் படமெடுக்க ஆசை. கையில் போன் மட்டும்தான்.

பதில்: சரி, அதிலேயே தொடங்குங்கள். முதலில் 'ஹனிலேண்ட்' (2019) பாருங்கள். வட மசிடோனியாவில், மின்சாரம் இல்லாத கிராமத்தில், தேனீ வளர்க்கும் ஒரு பெண்ணோடு மூன்று வருடம் இருந்து எடுத்தார்கள். அவர் பேசிய துருக்கி மொழி எடுத்தவர்களுக்குப் புரியாது. உங்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. ஒரே லயத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். கொழுந்து நிறைந்த மாதத்திலும், வேலைநாள் குறைந்த மாதத்திலும். அப்புறம், பேட்டியை மழை விட்ட பிறகு எடுங்கள். தகரக் கூரைச் சத்தத்தில் குரல் எடுபடாது.