ஜாக்கி ராபின்சன் இருக்கும்போது லாரி டோபியை ஏன் நினைவில் வைக்க வேண்டும்?

அமெரிக்க பேஸ்பாலில் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத நிறத் தடையை உடைத்தவர் ராபின்சன் என்று எல்லோருக்கும் தெரியும், இரண்டாவதாக வந்த டோபியைத் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்காகத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

ராபின்சனைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் இறங்கியது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும். அவருடைய 42 என்ற எண்ணை இனி எந்த அணியிலும் யாருக்கும் தருவதில்லை என்று 1997இல் முடிவு செய்ததும் நியாயம்தான். 1884இலேயே டொலீடோ அணியில் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் ஆடினாரே என்று கேட்கப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆடினார், அதற்கப்புறம் அறுபது வருடத்துக்கு மேல் கதவை அடைத்து வைத்தார்கள்.

டோபி வந்தது 1947 ஜூலை 5. பதினோரு வாரம்தான் வித்தியாசம். ஆனால் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் நேஷனல், அமெரிக்கன் என்று இரண்டு லீக்குகள். அந்தக் காலத்தில் நேஷனல் லீக் அணியும் அமெரிக்கன் லீக் அணியும் வருடக் கடைசி இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் தவிர மோதிக்கொள்வதில்லை. டாட்ஜர்ஸ் ஒரு லீக், டோபியின் கிளீவ்லாந்து இந்தியன்ஸ் (இன்றைய கார்டியன்ஸ்) இன்னொரு லீக். டெட்ராய்ட்டிலும் வாஷிங்டனிலும் போய் முதல் ஏச்சை வாங்கியவர் டோபிதான். ராபின்சனுக்கு அதற்கு முன் கீழ்மட்ட லீக்கில், மொன்ட்ரியால் அணியில் ஒரு முழு சீசன் பழகக் கிடைத்தது. டோபி ஜூலை 4 அன்று கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த கறுப்பர் லீக்கில் நியூவர்க் ஈகிள்ஸுக்கு ஆடினார், மறுநாள் சிகாகோவில் மேஜர் லீக். வயது 23.

அன்று உடைமாற்றும் அறையில் கை நீட்டியபோது சிலர் கை கொடுக்கவில்லை. மைதானத்தில் பயிற்சிக்கு எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பந்து போட்டுக்கொண்டிருக்க, அவர் தனியாக நின்றார். கடைசியில் அணியின் வெள்ளைக்கார வீரர் ஜோ கார்டன் என்பவர் வந்து கூப்பிட்டு அவரோடு பந்து போட்டார்.

என் மகனுக்கு ஒன்பது வயதில் நடந்ததைச் சொன்னால்தான் இது ஏன் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது என்று புரியும். அவனை ஊர் பேஸ்பால் அணியில் சேர்த்திருந்தேன். பதினொரு பிள்ளைகள். ஜோடி சேருங்கள் என்று கோச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் மிஞ்சி நின்றது இவன்தான். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் காரில் வரும்போது, "ராபின்சன் எவ்வளவு பொறுத்துக்கிட்டார் தெரியுமா, நீயும் பொறுத்துக்கோ" என்றேன். அவன் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பந்து பிடிக்கும் கையுறையான கிளவை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றும் வருத்தம் உண்டு.

இதை நான் இனவெறி என்று சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் ஒரே பள்ளி, முன்பே பழக்கம். டோபி பட்டதோடு ஒப்பிடவும் இல்லை. அணியோடு அரிசோனாவுக்குப் பயிற்சிக்குப் போனபோது அணி தங்கிய ஓட்டலில் அவருக்கு இடம் தரவில்லை, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். அதெல்லாம் வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சமயம் நம்மவர்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே அறிவுரை, "இந்த விளையாட்டு நமக்கெதுக்கு, கோடை விடுமுறையில கணக்கு கிளாஸ்ல போடுங்க" என்பது. பிள்ளை வாடிப்போய் நிற்கிறான், அவன் மனசு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது எனக்கு மைதானத்தில் நடந்ததைவிட அதிகமாக வலித்தது.

ஜூன் மாதம் அவனை கார்டியன்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மைதானத்துக்கு வெளியே டோபிக்குச் சிலை இருக்கிறது, 2015இல் வைத்தது. அதன் கீழே நின்று மேலே சொன்ன கதையைச் சொன்னேன். 1948 வேர்ல்ட் சீரிஸ் நான்காவது ஆட்டத்தில் டோபி ஹோம் ரன் அடித்து அணி ஜெயித்ததையும், அதே அணியின் வெள்ளைக்காரப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்டீவ் குரோமெக் கன்னத்தோடு கன்னம் வைத்து அவரைக் கட்டிக்கொண்ட புகைப்படத்தையும் சொன்னேன். சிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் ராபின்சனுக்கு 1962இல் கிடைத்த இடம் இவருக்கு 1998இல்தான் கிடைத்தது என்றும் சொன்னேன். அவன் அதிலெல்லாம் நிற்கவில்லை. "அந்த ஜோ கார்டன் எந்த இடத்துல ஆடுவார்?" என்று மட்டும் கேட்டான். இரண்டாவது பேஸ் பக்கம் நின்று பந்தைத் தடுக்கும் இடம், அதாவது இரண்டாவது பேஸ் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கிளவை எடுத்து வெளியே வைத்தான். இப்போது அவனுக்குப் பதினான்கு வயது. எந்தக் கோச் கேட்டாலும் இரண்டாவது பேஸ்தான் வேண்டும் என்கிறான்.