சில்லி ரஸ்போரா வெளுக்கிறது: பாட்டிலா, மழைத்தண்ணீரா?

கேள்வி: ஈத்தாமொழியில் எங்கள் வீட்டுத் தொட்டியில் இருபது சில்லி ரஸ்போரா மீன் விட்டேன். பத்தே நாளில் எட்டு செத்துவிட்டன. மீதி சிவப்பு மங்கி வெளுத்து நிற்கின்றன. போர் தண்ணீர்தான், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 640 காட்டுகிறது. மீன் கொண்டுவந்து தந்த அண்ணன், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) குறைக்கும் பாட்டில் மருந்து 450 ரூபாய் என்கிறார். வாங்கவா? குலசேகரத்தில் மாமா வீட்டு மழைத்தண்ணீர் ஆகுமா? - கல்லூரி மாணவர்

பதில்: மருந்து வேண்டாம், தம்பி. மழைத்தண்ணீர் ஆகும், ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும்.

இது போர்னியோவின் தென்மேற்கில், மழைக்காட்டுச் சதுப்போடைகளில் வாழும் மீன். முழுசாக வளர்ந்தாலும் 2 செ.மீ.தான். அங்கே இலை மட்கித் தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில் கிடக்கும். உப்பு அநேகமாக இருக்காது. உங்கள் போர் தண்ணீரிலோ சுண்ணாம்பும் உப்பும் ஏராளம். பாட்டிலை ஊற்றினால் பி.எச். இறங்கும், அந்தச் சுண்ணாம்பு மறுநாளே பழையபடி ஏற்றிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்வது. டி.டி.எஸ். ஒரு புள்ளிகூடக் குறையாது. விற்பவருக்கு இது தெரியும். அடுத்த மாதமும் பாட்டில் போகுமே!

இந்தத் தரகர்களுக்கு மீன் தேறினால் லாபமில்லை. பார்சலில் வந்த பையை அன்று சாயங்காலமே பிரித்து விற்கிறார்கள். ஒரே மீனுக்குச் சில்லி என்று ஒரு விலை, மொஸ்கிடோ ரஸ்போரா என்று இன்னொரு விலை. காய்ந்த பாதாம் இலையைப் பாக்கெட் போட்டுக் காசாக்குகிறார்கள். நம்மூரில் அது தெருவோரம் உதிர்ந்து கிடக்கிறது. நாலு இலையைக் கழுவித் தொட்டியில் போடுங்கள், போதும். கேட்க ஆள் இல்லை. 2017-இல் மத்திய அரசு மீன்தொட்டி விற்பனைக்கு விதி போட்டது, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. மீன் வளர்ப்போர் கூட்டத்துக்கு நாமும் போகிறோம், டீ குடித்துவிட்டு வருகிறோம்.

இனி அந்த ஒரு விஷயம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் குலசேகரம் ரப்பர் நாடு. ஜூன் மழைக்கு முன்னால் இலையுதிர்வு நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பார்கள். காற்றில் அது கூரையிலும் படியும். செம்பு சிறு மீனுக்கும் இறாலுக்கும் எமன். மாமா வீட்டைச் சுற்றி ரப்பர் நின்றால், மருந்தடித்த பிறகு ஏழெட்டு நல்ல மழை கூரையைக் கழுவட்டும். மருந்து அடித்தார்களா என்று பக்கத்துத் தோட்டக்காரரிடமே கேட்டுவிடுங்கள். அடிக்கவில்லை என்று அவர் சொன்னாலும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். தகரக் கூரையென்றால் அந்தத் தண்ணீரே வேண்டாம், முற்றத்தில் நேராக அண்டா வையுங்கள். ஐப்பசி மழையென்றால் இந்தக் கவலை குறைவு.

பிடித்ததை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, தொட்டியில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மழைத்தண்ணீர் விடுங்கள். டி.டி.எஸ். 150-க்குக் கீழே வரும்வரை இதேதான். தொட்டி புதுசா என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் நிரப்பி ஒரு மாதம்கூட ஆகாத தொட்டியென்றால் பாதிச் சாவு அதனால்தான். பெரிய மோட்டார் இருந்தால் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள். கடைத்தீனி இதன் வாய்க்குள் போகாது, விரலால் நசுக்கிப் பொடியாக்கிப் போடுங்கள். கிடைத்தால் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிற்றிறால்) குஞ்சு. பன்னிரண்டும் சிவந்த பிறகு மேற்கொண்டு வாங்கலாம், அதுவும் கடைத் தொட்டியில் ஒரு வாரம் கிடந்து தீனி எடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு.