பள்ளி ஒரு மாணவரின் ஜெர்சி எண்ணுக்கு எப்போது ஓய்வு கொடுக்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில், இந்த ஆண்டு படிப்பை முடிக்கும் கூடைப்பந்து வீராங்கனை ஒருவரின் 23-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி, அதாவது இனி யாருக்கும் அந்த எண்ணைத் தரக்கூடாது என்று, பூஸ்டர் கிளப்பில் (பள்ளி விளையாட்டுக்கு ஆதரவும் நிதியும் திரட்டும் குழு) பேச்சு ஓடுகிறது. நானும் அந்தக் கிளப்பில் இருக்கிறேன். எப்போது, எந்த அடிப்படையில் இதை முடிவு செய்ய வேண்டும்?

பதில்:

இந்த ஆண்டு வேண்டாம். அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வேண்டாம். முதலில் விதியை எழுதுங்கள். எழுதி, பள்ளி வாரியம் ஏற்றுக்கொண்ட பிறகு, அவர் அதற்குள் வருகிறாரா என்று பாருங்கள். ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு எழுதும் விதி அவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி, அடுத்தவருக்குப் பொருந்தாது.

பூஸ்டர் கிளப் கூட்டங்களில் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். ஜெர்சியைக் கௌரவித்து ஜிம்மில் பேனராக மாட்டுவது ஒன்று. அந்த எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று நிறுத்துவது வேறொன்று. கான்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் ஜெர்சி மேலே தொங்கும், எண் புழக்கத்தில் இருக்கும். வட கரோலினா பல்கலைக்கழகம் இரண்டு படி வைத்திருக்கிறது. நாட்டின் சிறந்த வீரருக்கான முக்கிய விருதுகளில் ஒன்றை வாங்கியிருந்தால்தான் எண்ணுக்கு ஓய்வு, அதற்குக் கீழே உள்ள சாதனைகளுக்கு ஜெர்சி கௌரவம் மட்டும். மைக்கேல் ஜோர்டனின் 23 முதல் வகை. உங்கள் பள்ளிக்கும் இந்த இரண்டு படி முறையைத்தான் பரிந்துரைப்பேன். பத்தில் ஒன்பது கோரிக்கைகள் கீழ்ப்படியிலேயே முடிந்துவிடும், யாருக்கும் மனவருத்தமும் இருக்காது.

எண்ணை நிறுத்துவதில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? கணக்குப் போட்டால் தெரியும். உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தில் 0 முதல் 99 வரை எல்லா எண்ணும் கிடையாது. உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதிப்படி 0 முதல் 5, 10 முதல் 15 என்று போய் 50 முதல் 55 வரை, அதோடு 00. காரணம், நடுவர் ஃபவுல் செய்தவரின் எண்ணை ஸ்கோர் மேசைக்கு விரல்களால் காட்டுவார். ஒரு கைக்கு ஐந்து விரல்தானே. (கல்லூரி விளையாட்டு 2023-24 பருவத்தில் இந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டு 0 முதல் 99 வரை திறந்துவிட்டது.) 0, 00 இரண்டையும் ஒரே அணியில் போட முடியாது என்பதால் கையில் இருப்பது 36 எண்கள். மூன்று ஆண்டுக்கு ஒன்று என்று நிறுத்திக்கொண்டே போனால் 50 ஆண்டில் 16 எண்கள் போய்விடும், மிச்சம் 20. பதினைந்து பேர் கொண்ட அணிக்கு அது போதும்போலத் தோன்றும். ஆனால் பள்ளிகள் சீருடையைச் செட்டாக வாங்குகின்றன, பெரும்பாலும் சின்ன எண்கள் சின்ன அளவிலும் 40, 50 வரிசை பெரிய அளவிலும் வரும். 23-ஐ எடுத்துவிட்டால் நடுத்தர அளவு ஜெர்சி ஒன்று குறையும். அந்த உடல்வாகுள்ள மாணவி அடுத்த ஆண்டு தொளதொளவென்று 44-ஐப் போட்டுக்கொண்டு நிற்பார். நிறுத்தும் ஒவ்வொரு எண்ணுக்கும் அதே அளவில் வேறு எண் கொண்ட மாற்று ஜெர்சிகளை, உள்ளூர் ஆட்டத்துக்கு ஒன்று, வெளியூர் ஆட்டத்துக்கு ஒன்று, அதே துணிச்சாயத்தில் ஆர்டர் செய்யும் செலவைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் அந்த மாடலே தயாரிப்பில் இல்லாமல் போயிருக்கலாம்.

அமெரிக்கக் கால்பந்தில் நெருக்கடி வேறு மாதிரி. எண்கள் நிறைய இருப்பதுபோல் தெரிந்தாலும், பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது (ஸ்னாப்) தாக்கும் அணியின் முன்வரிசையில் குறைந்தது ஐந்து பேர் 50 முதல் 79-க்குள் எண் அணிந்திருக்க வேண்டும். கிக் ஆட்டங்களில் மட்டும் சில விலக்குகள் உண்டு. ஆக அந்த முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு (லைன்மேன்) 30 எண்கள்தான். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒரே டவுனில் (ஒரு தாக்குதல் முயற்சி) இருவரும் களத்தில் இருக்கக்கூடாது. கோச் கவனிக்கத் தவறினால் பெனால்டி. இல்லினாய் பல்கலைக்கழகக் கால்பந்தில் ஓய்வு பெற்றவை இரண்டே எண்கள்: ரெட் கிரேஞ்சின் 77, டிக் பட்கஸின் 50. இவ்வளவு பழைய அணியிலும் பட்டியல் அங்கேயே நின்றுவிட்டது. மறுபக்கம் தொழில்முறை லீகில் சிகாகோ பியர்ஸ் அணி 14 எண்களை நிறுத்திவிட்டு, 2013-இல் மைக் டிட்காவின் 89-தான் கடைசி என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டது. பள்ளிக்கு நல்ல முன்மாதிரி இல்லினாய்தான்.

அடுத்து தகுதி. பள்ளிக்காக ஆடிய ஆட்டத்தை மட்டும் எடைபோடுங்கள். பின்னால் தொழில்முறை ஆட்டத்தில் கோடி சம்பாதித்தால் அது பள்ளிச் சாதனை ஆகாது. கோபி பிரையன்ட் படித்த பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி அவருடைய 33-க்கு 2002-இல் ஓய்வு கொடுத்தது. அதற்குள் அவர் உலகப் புகழ் பெற்றுவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகழை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள்: 2,883 புள்ளிகள், 53 ஆண்டுகளுக்குப் பிறகு 1996-இல் மாநிலக் கோப்பை. பள்ளிக் கணக்கு மட்டுமே போதும். இந்தச் சோதனையில் தேறுபவருக்குத்தான் எண்ணை நிறுத்த வேண்டும்.

என்னைக் கேட்டால் எண் ஓய்வுக்கான குறைந்தபட்சத் தகுதி இப்படி இருக்க வேண்டும்: மாநிலத்தின் சிறந்த வீரர் விருது, அல்லது முதல் அணி ஆல்-ஸ்டேட் தேர்வு (மாநிலத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) இரண்டு முறையாவது. அதோடு பள்ளிப் படிப்பை நல்ல முறையில் முடித்திருக்க வேண்டும். வெறும் புள்ளிக்கணக்கை அளவுகோலாக வைக்காதீர்கள். உயர்நிலைப் பள்ளிகளுக்கு மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1987-இல்தான். அதற்கு முன் ஆடியவர் தூரத்திலிருந்து போட்ட ஒவ்வொரு கூடைக்கும் ஒரு புள்ளி குறைவு. "ஆயிரம் புள்ளி எடுத்தால் எண் ஓய்வு" என்று எழுதிய பள்ளிக்குப் பத்தாண்டில் சுவர் நிறைந்துவிடும். ஆயிரம் புள்ளிக்குச் சாதனைப் பலகை போதும்.

காத்திருப்புக் காலம் ஐந்து ஆண்டு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐந்தாண்டில் கோச் மாறியிருப்பார், பெற்றோர் குழு மாறியிருக்கும், நன்கொடையாளரின் அவசரம் தணிந்திருக்கும். அப்போதும் யாராவது முன்மொழிந்தால் அது நிஜமான தகுதி. விதிமீறல் ஏதும் இருந்தால் அதற்குள் வெளியே வந்திருக்கும். பல்கலைக்கழக அளவிலேயே தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2010-இல் கால்பந்து வீரர் ரெஜி புஷ்ஷின் 5-ஆம் எண் ஜெர்சியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. எனவே திரும்பப் பெறும் பிரிவு ஒன்றும் தேவை: யார் முடிவு செய்வார்கள், எத்தனை வாக்கு, சம்பந்தப்பட்டவரின் தரப்பை யார் கேட்பார்கள் என்று மூன்று வரி.

இப்போதே செய்வதில் இன்னொரு சிக்கல், பரிசு. பள்ளி விளையாட்டை நடத்தும் பல மாநிலச் சங்கங்கள் மாணவ வீரர் வாங்கிக்கொள்ளும் பரிசின் மதிப்புக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. 2003-இல், பள்ளி மாணவராக இருந்த லெப்ரான் ஜேம்ஸ் ஒரு கடையில் இரண்டு பழைய பாணி ஜெர்சிகளை இலவசமாக வாங்கிக்கொண்டார், மதிப்பு 845 டாலர். ஒஹையோ சங்கம் அவரைத் தகுதிநீக்கம் செய்தது, நீதிமன்றம் தலையிட்ட பிறகே திரும்ப ஆடினார். உங்கள் மாணவி வசந்த காலத்தில் தடகளமோ சாஃப்ட்பாலோ ஆடுபவர் என்றால், கண்ணாடிச் சட்டம் போட்ட ஜெர்சியைக் கையில் கொடுக்கும் முன் அத்லெட்டிக் டைரக்டர் (பள்ளியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர்) மாநில விதியைப் பார்த்துவிட வேண்டும்.

இறந்துபோன மாணவரின் எண் விஷயத்தில்தான் பள்ளிகள் மிகவும் தடுமாறுகின்றன. துக்கத்தின் முதல் வாரத்தில் யாராலும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வாரத்தில் நிரந்தர முடிவும் எடுக்கக் கூடாது. அந்தப் பருவம் முடியும்வரை எண்ணை யாருக்கும் கொடுக்காமல் வைத்து, அணி முழுக்கச் சட்டையில் சின்னப் பட்டை தைத்துக்கொள்வது போதும். பட்டையின் அளவுக்கும் இடத்துக்கும் சங்க விதி உண்டு, கேட்டுவிட்டுத் தையுங்கள். எல்லா மரணத்துக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். நட்சத்திர வீரர் இறந்தால் எண் ஓய்வு, பெஞ்சில் இருந்தவர் இறந்தால் ஒரு நிமிட மௌனம் என்பது குடும்பங்களுக்குத் தீராத ரணம். தற்கொலைக்குப் பிறகு பள்ளி வளாகத்தில் நிரந்தர நினைவுச்சின்னம் வைப்பதைத் தவிர்க்கவே தடுப்புத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள், மற்ற மாணவர்கள் அதே வழியை நினைத்துவிடக்கூடும் என்பதால். அவர்களும் எல்லா மரணத்தையும் ஒரேபோல நடத்தச் சொல்கிறார்கள்.

மிசிசிப்பி பல்கலைக்கழகம் தன் கால்பந்து வீரர் சக்கி மல்லின்ஸுக்குச் செய்ததைப் பாருங்கள். 1989-இல் ஆட்டத்தில் கழுத்து முறிந்து உடல் செயலிழந்து, 1991-இல் இறந்தவர். அவர் பெயரில் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது. அவருடைய 38-ஐ 2006-இல் நிறுத்தினார்கள், பிறகு மனம் மாறி, விருது பெறுபவரே அந்த எண்ணை அணிய வழி செய்தார்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்தில் 18-ஆம் எண் இப்படித்தான் தலைமைப் பண்புக்கு அடையாளமாகக் கைமாறுகிறது. யாரும் அணியாத எண்ணைவிட இப்படிக் கைமாறும் எண்தான் பிள்ளைகள் வாயில் அதிகம் புழங்கும்.

குழுவில் அத்லெட்டிக் டைரக்டர், முதல்வர், இப்போது எந்த அணிக்கும் பயிற்சி தராத முன்னாள் கோச் ஒருவர், பழைய மாணவர் இருவர் போதும், பூஸ்டர் கிளப்புக்கு ஒரே இடம். முன்மொழிபவர் வாக்களிக்கக் கூடாது, உறவினர் அறையிலேயே இருக்கக் கூடாது. நான்கில் மூன்று பங்கு வாக்கு, ரகசியச் சீட்டு, நிராகரித்தால் மூன்று ஆண்டுக்கு மறுபரிசீலனை இல்லை. மாணவர் அணிக்கும் மாணவியர் அணிக்கும் அளவுகோல் ஒன்றே, சுவரும் ஒன்றே, பேனர் அளவும் ஒன்றே. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் நைன் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஜிம்மைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாலே ஏற்றத்தாழ்வு தெரிந்துவிடும். பெண்கள் அணியின் 23-ஐ நிறுத்தினால் ஆண்கள் அணியின் 23-உம் போகுமா என்பதையும் எழுதுங்கள். போகக்கூடாது என்பது என் கருத்து.

எழுத மறக்கும் இன்னும் இரண்டு பிரிவுகள். இப்போது அந்த எண்ணை அணிந்திருப்பவர் பள்ளியை முடிக்கும்வரை அணியலாம்: பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சனின் 42-ஐ 1997-இல் எல்லா அணிகளிலும் நிறுத்தியபோதும் அணிந்திருந்தவர்களை விட்டுவைத்தார்கள், மரியானோ ரிவேரா 2013 வரை அணிந்தார். அதே எண்ணில் பின்னொருவரும் தகுதி பெற்றால் பேனரில் இரண்டாம் பெயர் சேரும், யாங்கீஸ் அணியின் 8 யோகி பெரா, பில் டிக்கி இருவருக்கும் சேர்த்து ஓய்வு பெற்றதுபோல. எழுத்தில் இல்லாத ஓய்வு என்ன செய்யும் என்பதற்கு நம் கிரிக்கெட்டே சாட்சி. டெண்டுல்கருக்குப் பிறகு 10-ஆம் எண் அறிவிப்பில்லாமல் சும்மா கிடந்தது. 2017-இல் ஷர்துல் தாக்கூர் அதை அணிந்ததும் ரசிகர்கள் அவரைத்தான் வறுத்தெடுத்தார்கள். அவர் மீறியதாகச் சொல்ல எந்த விதியும் இல்லை.

மாட்டும் வேலைக்கு வருவோம். அசல் ஜெர்சியைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். லோயர் மெரியனில் சட்டம் போட்டு வைத்திருந்த கோபியின் ஜெர்சி 2017-இல் திருடு போய், சீனாவில் ஒரு சேகரிப்பாளர் கைக்குப் போய், 2019-இல்தான் திரும்பி வந்தது. சுவருக்கு நகல், அசல் பூட்டிய இடத்தில். பேனர் துணிக்குத் தீப்பிடிக்காத சான்றிதழ் இருக்க வேண்டும், தீயணைப்புத் தெளிப்பான்களை மறைக்கக் கூடாது. பேனரில் பெயர், எண், விளையாட்டு, ஆடிய ஆண்டுகள் மட்டும் போதும். விழாவை இடைவேளையில் வைக்காதீர்கள். உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தில் இடைவேளை 10 நிமிடம், உரையும் புகைப்படமும் அதைத் தாண்டும், இரண்டு கோச்சுகளும் முறைப்பார்கள். ஜேவி (இரண்டாம் நிலை அணி) ஆட்டத்துக்கும் வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட்டத்துக்கும் நடுவில் வையுங்கள்.

உங்கள் மாணவிக்கு இந்த ஆண்டு செய்யக்கூடியது: சீனியர் நைட்டில் (படிப்பை முடிக்கும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் இரவு) அறிவிப்பு, சாதனைப் பலகையில் பெயர், விதி அனுமதித்தால் பருவம் முடிந்ததும் நகல் ஜெர்சி. 23-ஐ அடுத்த பருவத்தில் கேட்கும் முதல் மாணவிக்கே கொடுத்துவிடுங்கள். "தற்காலிகமாக ஒதுக்கி வைப்போம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்தாண்டு சும்மா கிடந்த எண்ணைத் திரும்ப எடுத்துக் கொடுக்கும் துணிச்சல் எந்த கோச்சுக்கும் வராது, வாக்கெடுப்பு இல்லாமலேயே முடிவு நடந்து முடிந்திருக்கும்.