கப்பலேறியவரின் ஊர்

கேள்வி: என் மகள் பாஸ்டனில் இருக்கிறாள். மாப்பிள்ளை அமெரிக்கர். அவர்கள் முன்னோர் 1640-க்கு முன்பே மாசசூசெட்ஸில் ஹிங்கம் என்ற ஊரில் வந்து குடியேறியவர்களாம். ஆனால் இங்கிலாந்தில் எந்த ஊர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இணையத்தில் தேடியதில், அதே பெயர்க்காரர் ஒருவர் டெவன் பகுதியில் பிறந்ததாக இருக்கிறது. போன மாதம் ஊருக்கு வந்தபோது, நாங்கள் எங்கள் கோயில், பிரிவு, ஏழு தலைமுறைப் பெயர் எல்லாம் சொல்வதைக் கேட்டு, 'எனக்கும் இப்படிச் சொல்ல வேண்டும்' என்று ஆசைப்பட்டுவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, மாப்பிள்ளைக்கு வந்தது நல்ல ஆசை. ஆனால் அந்த டெவன்காரரை இப்போதே குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான் இதுவரை கையில் உள்ள சாட்சி. அது போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

என் ஐயாவின் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஒருநாள் இரண்டாங்கட்டு அறையைச் சுத்தம் செய்யும்போது, பெட்டகத்தின் அடியில் ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டு ஒன்று கிடைத்தது. அதே பெயர், அதே விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப அடையாள எழுத்துகள். ஆறு மாதம் உட்கார்ந்து படித்து, அவர் கதையை எழுதிப் பங்காளிகள் எல்லாருக்கும் பிரதி கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து ஓர் இசைகுடிமானம், அதாவது கல்யாண ஒப்பந்த ஏடு, கைக்கு வந்தது. அதன்படி, கடிதம் எழுதியவரின் மனைவி பெயரே வேறு, மாமனார் ஊரும் வேறு. அவர் எங்கள் ஐயா இல்லை; மூன்று வீடு தள்ளியிருந்த பங்காளி. இரண்டு பேருக்கும் ஒரே பாட்டனார் பெயரை வைத்திருக்கிறார்கள். கொடுத்த பிரதிகளை வீடு வீடாகப் போய்த் திருத்தினேன். அன்று முதல், பெயர் பொருந்தினால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

உங்கள் மாப்பிள்ளையின் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஹிங்கமில் முதல் தலைமுறையில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைத் தொழிலை வைத்துப் பிரித்தார்கள்: மாவு மில் வைத்திருந்த தாமஸ், நெசவுகார தாமஸ், பீப்பாய் செய்கிற தாமஸ், உழவர் தாமஸ். நாம் விலாசம் வைத்திருப்பது எதற்காகவோ அதே காரணம்தான். அந்தத் தொழிற்பெயரை விட்டுவிட்டு வெறும் 'தாமஸ் லிங்கன்' என்று தேடினால் நான்கு குடும்பமும் கலந்துபோகும். பழைய ஏடுகளில் 'சீனியர், ஜூனியர்' என்று வருவதிலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்தில் அது தகப்பனும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், அவ்வளவுதான். நம் ஊரில் பெரிய கருப்பன், சின்ன கருப்பன் என்று சொல்வது போல.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் தொடங்காதீர்கள். கப்பல் போய்ச் சேர்ந்த கரையில் தொடங்குங்கள். அந்த மனிதர் ஹிங்கமில் எந்த வருடம் நிலம் வாங்கினார், பக்கத்து மனை யாருடையது, யாருடைய உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், மகளை யார் வீட்டில் கொடுத்தார் என்று முதலில் எழுதி வையுங்கள். 1620 முதல் 1640 வரை ஏறக்குறைய 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக்கு, அதாவது மாசசூசெட்ஸ் அடங்கிய அமெரிக்க வடகிழக்குக் கரைக்கு, போனார்கள். பலர் குடும்பம் குடும்பமாக, ஒரே பாதிரியாரின் பின்னால், ஒரே வட்டாரத்திலிருந்து போனவர்கள். நம் ஆட்கள் பர்மாவுக்குப் போனபோது எப்படி? கடைக்கு மேலாளர் பங்காளி வீட்டுப் பிள்ளை, கணக்குப்பிள்ளை பக்கத்து ஊர், சமையலுக்கு வந்தவரும் தெரிந்தவர். ஒருவரின் ஊர் தெரியவில்லை என்றால் கூடப் போனவர்களின் ஊரைத் தேட வேண்டும். இந்தத் தேடலில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புவது இதைத்தான்.

ஹிங்கம்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் ஹிங்கம் என்று பழைய ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஊருக்கு அங்கிருந்து வந்தவர்கள்தான் 1635-ல் பெயர் வைத்தார்கள். 1638-ல் 'டிலிஜென்ட்' என்ற கப்பலில் சுமார் 130 பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் டேனியல் குஷிங். பின்னாளில் ஊர் எழுத்தராக இருந்த அவர், பழைய ஹிங்கமிலிருந்தும் அதன் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் யார் யார் எந்த வருடம் வந்தார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டுப் போனார். என்ன அக்கறை பாருங்கள்! மாப்பிள்ளையின் முன்னோர் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். அமெரிக்க ஹிங்கமில் மேற்கு இங்கிலாந்துக்காரர்களும் குடியேறியிருந்தார்கள். டெவன் மேற்கில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் டெவன்காரரைத் தள்ளிவிடவும் முடியாது. விசாரிக்க வேண்டும்.

எப்படி விசாரிப்பது? இங்கிலாந்தில் 1538-ல் மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் உத்தரவின்படி ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதத் தொடங்கியது. நம் கோயிலில் கல்யாணமானவர்களைப் புள்ளியாக எழுதுவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப கால ஏடுகள் பல அழிந்துவிட்டன. 1598-க்குப் பிறகு தோல் ஏட்டில் பிரதி எடுத்து வைக்கவும், ஆண்டுக்கு ஒரு நகலைப் பிஷப்புக்கு அனுப்பவும் உத்தரவு வந்தது. ஊர் ஏடு கரையானுக்குப் போயிருந்தால் பிஷப்பின் நகல் காப்பாற்றும். இதில் எல்லாரும் மறப்பது அடக்க ஏட்டை. டெவனில் 1610-ல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தையைக் கண்டுபிடித்தவுடன் 'கிடைத்துவிட்டார்' என்று துள்ளுகிறார்கள். அதே ஏட்டில் நான்கு பக்கம் தள்ளி, அந்தக் குழந்தை மூன்று வயதில் அடக்கம் செய்யப்பட்டது எழுதியிருக்கும். பார்ப்பதில்லை. அல்லது வளர்ந்து, அதே ஊரில் 1645-ல் கல்யாணம் செய்திருப்பார். அப்படியானால் அவர் எப்படி 1638-ல் மாசசூசெட்ஸில் நிலம் வாங்கியிருக்க முடியும்? டெவன்காரர் எங்கே போனார் என்று கடைசிவரை பின்தொடருங்கள். அவர் அந்த ஊரிலிருந்து காணாமல் போயிருந்தால் மட்டும் மேலே பேசலாம்.

ஏட்டைவிட வலுவான சாட்சி உயில். இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட தகப்பனோ, அத்தையோ, கல்யாணமாகாத அண்ணனோ சாகும்போது 'நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு ஐந்து பவுண்டு' என்று எழுதியிருப்பார்கள். இரண்டு கரையும் ஒரே காகிதத்தில்! அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் குடும்பத்தின் இங்கிலாந்து வேரை ஹென்றி வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியதும் இப்படி உயில்களைப் புரட்டித்தான். வசதியான வீட்டு உயில்கள் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றப் பதிவில் இருக்கும். அவை இப்போது லண்டனின் கியூ பகுதியில், தேசிய ஆவணக் காப்பகத்தில். சாதாரணக் குடும்பங்களின் உயில்கள் அந்தந்த மாவட்டக் காப்பகத்தில். நார்ஃபோக் என்றால் நாரிச் நகரம். உறவுச் சொற்களை மட்டும் இன்றைய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று 'பிரதர்' என்றால் மச்சானாகவும் இருக்கலாம், 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். பங்காளி மகனை அண்ணன் என்று கூப்பிடுகிற நமக்கு இது புதிதில்லை.

வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1637 கப்பல் பட்டியலில், பிரான்சிஸ் லாஸ் என்ற நாரிச் நெசவாளரின் வேலையாளாக வந்த சாமுவேல் லிங்கனுக்கு வயது 18 என்று இருக்கிறது. பழைய ஹிங்கம் ஏட்டில் அவருக்கு ஞானஸ்நானம் 1622 ஆகஸ்ட் 24. அப்படியானால் கப்பலேறும்போது பதினைந்துகூட நிரம்பவில்லை. அந்தப் பையனின் வழியில் வந்தவர்தான் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன். அவருக்கே இது தெரியாது. 1859-ல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோது, நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தங்களைச் சேர்க்க முயன்றதில், இரண்டு பக்கமும் மார்தகாய், சாலமன், ஆபிரகாம் போன்ற பெயர்கள் பொருந்துவதைத் தவிர வேறொன்றும் உறுதியாகக் கிடைக்கவில்லை என்று எழுதினார். தன் சொந்தக் குடும்பம், இருந்தும் பெயர்ப் பொருத்தத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை அவர். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. பின்னால் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆவணம் தேடி நிரூபித்தார்கள். இன்று பழைய ஹிங்கம் தேவாலயத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது.

மகள் பாஸ்டனிலேயே இருப்பது வசதி. 1845-ல் தொடங்கிய நியூ இங்கிலாந்து மரபுவரலாற்றுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. 1620 முதல் 1635 வரை வந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து அவர்கள் வெளியிட்ட தொகுதிகளை நூலகத்தில் பார்க்கலாம். பூர்வீகம் நிரூபிக்கப்படாதவருக்கு 'தெரியவில்லை' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தேடலும் ஒருவேளை அந்தச் சொல்லில் நின்றால், அதை அப்படியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அங்கிருந்து தொடர்வார்கள்.

கேள்வி: வெளிநாட்டுத் தோழி ஒருத்தி அனுப்பிய குடும்பக் குறிப்பில் '1637/8 பிப்ரவரி' என்று இருக்கிறது. எந்த வருடம் என்று தெரியாமலா எழுதுவார்கள்?
— வாசகி, புதுவயல்

பதில்: தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய வருடத்தின் வால். பங்குனியில் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் பழைய தமிழ் வருடப் பெயரே வருவது போல. அவர்கள் கணக்கில் 1637, நம் கணக்கில் 1638. இது புரியாமல், '1637 ஏப்ரலில் கல்யாணம், 1637 பிப்ரவரியில் குழந்தை' என்று பார்த்துவிட்டு ஒரு நல்ல குடும்பத்தின்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பிப்ரவரி, கல்யாணத்துக்குப் பத்து மாதம் பின்னால் வருகிறது. அப்புறம், நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் மாதங்களுக்கு எண் போட்டு எழுதுவார்கள். அதில் முதல் மாதம் மார்ச். பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி.

கேள்வி: குடும்பப் பெயரைக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் கேடயச் சின்னமும் வம்சாவளியும் அனுப்புவதாக ஒரு விளம்பரம். நம்பலாமா?
— வாசகர், சிவகங்கை

பதில்: பணம் கட்டாதீர்கள். இங்கிலாந்து வழக்கில் கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்படுவது. ஒரு பெயருக்குச் சொந்தமானது இல்லை. இந்த வியாபாரம் புதிதும் இல்லை. 1942-ல் இறந்த குஸ்தாவ் ஆஞ்சூ என்பவர், பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பிரபு வம்சத்தில் வேர் காட்டி, இல்லாத உயில்களையும் ஏட்டுப் பதிவுகளையும் தாமே எழுதிச் சேர்த்து விற்றார். அவர் சேர்த்த பொய்கள் இன்றும் இணையத்து வம்சாவளிகளில் உலவுகின்றன. ஒரு பொய்யான பாட்டனாரை வாங்குவதைவிட விவசாயியான உண்மைப் பாட்டனார் எவ்வளவோ மேல்.

கேள்வி: சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் அமெரிக்கர் என்கிறார்களே?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: பிறந்தது பாஸ்டனில், 1649-ல். குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்து போய்விட்டார்; திரும்பவில்லை. குடும்பம் வேல்ஸ் நாட்டது. அவருடைய பாட்டி ஆன் லாய்ட், செஸ்டர் பிஷப்பின் மகள். கணவர் இறந்த பிறகு தியோஃபிலஸ் ஈட்டனை மணந்து, 1637-ல் பிள்ளைகளோடு கப்பலேறினார். ஈட்டன்தான் நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் கவர்னர். இந்த யேல் கதையில் தகப்பன் வழியை மட்டும் பார்த்தால் ஏன் கப்பலேறினார்கள் என்பதே விளங்காது. பாட்டியின் மறுமணத்தில்தான் விடை இருக்கிறது.

யேல் 1687 முதல் 1692 வரை சென்னையில் கவர்னர். பதவியை வைத்துச் சொந்தமாகச் சொத்துச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டில் நீக்கப்பட்டார். அதற்கு முன், 1680 நவம்பர் 4-ல், கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தார். தேவாலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது; அங்கே நடந்த முதல் திருமணம் அது. பாஸ்டனில் பிறந்தவரின் கல்யாணப் பதிவு நம் கடற்கரையில்! சிறு வயதில் இறந்த அவர் மகன் டேவிட்டின் கல்லறையும் சென்னையில், இன்றைய உயர் நீதிமன்ற வட்டாரத்தில் எழுப்பப்பட்டது. சென்னை போனால் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டை வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டையை எடுத்துப் போங்கள்.