வலை வைத்த இடத்தில் சீழ்: வாசகர் கேள்விகள்

ஹேர்னியாவுக்கு (குடலிறக்கத்துக்கு) ஒப்பரேஷன் செய்து உள்ளே வலை வைத்து ஒன்றரை வருஷம். இப்போது தழும்பில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் கசிகிறது. பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டால் நிற்கிறது, விட்டால் மறுபடி வருகிறது. கிளினிக் போனால் ஒரு நாள் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம்) போய்விடுமே? (மஸ்கெலியா)

ஒரு நாள் பேர் லேசான விஷயம் இல்லை. இருந்தாலும் போங்கள் ஐயா, இந்த வாரமே போங்கள். கவட்டில் வரும் ஹேர்னியா என்றால் வலையில் கிருமி பிடிப்பது நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆனால் பிடித்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. வலையின் நூலில் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். மருந்து வெளியில் இருப்பதைக் கொல்லும், படலத்துக்குள் சரியாகப் போகாது. அதனால்தான் நின்று நின்று வருகிறது. மாத்திரையைத் தொடங்கும் முன் சீழைப் பரிசோதனைக்கு எடுத்தால் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியும். ஸ்கேனும் தேவைப்படும். பெரிய கண் உள்ள பொலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) வலை என்றால், ஆரம்பத்திலேயே வந்தவர்களுக்குச் சீழை வடித்து மருந்து கொடுத்துச் சில நேரம் காப்பாற்றிவிடலாம். உங்களைப் போல ஓட்டை ஆறாமல் இருந்தால் பெரும்பாலும் வலையை எடுக்கத்தான் வேண்டிவரும். ஒப்பரேஷன் முடிந்து தந்த நோய் நிர்ணய அட்டை லயத்தில் எங்காவது இருக்கும், தேடி எடுத்துப் போங்கள்.

வலையை எடுத்தால் குடல் திரும்ப இறங்காதா? (ஹட்டன்)

சிலருக்கு இறங்கும். பலருக்கு உள்ளே உருவான தழும்பே தாங்கிக்கொள்ளும். இறங்கினாலும், தொற்று முழுதாக ஆறிய பிறகு திரும்பச் சரிசெய்யலாம்.

அப்பாவுக்கு ஒப்பரேஷன் செய்து மூன்று வாரம். அந்த இடம் வீங்கியிருக்கிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. ஊசியால் நீரை எடுத்துவிடலாமா? (பண்டாரவளை)

வேண்டாம் மகள். வெட்டிய இடத்தில் நீர் தேங்குவது வழக்கம்தான், பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். தேவையில்லாமல் குத்தினால் வெளிக்கிருமி வலை வரைக்கும் போகலாம். அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள். ஆனால் தோல் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கெட்டியாகி வலியும் வாந்தியும் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஒப்பரேஷனுக்கு முன் வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு போகவா? (தலவாக்கலை)

பிளேடே வேண்டாம். அது போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். முடியை எடுக்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலேயே மெஷினால் வெட்டிவிடுவார்கள். சிகரெட், பீடி இருந்தால் ஒரு மாதம் முன்பே நிறுத்துங்கள், சீனி வருத்தம் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம், காயம் ஆறும் வரை பீலியில் (தோட்டத்து நீர்க்குழாயில்) குளிக்க வேண்டாம்.