டேட்டாகிரிட்வியூவில் பல கட்டங்களை நிரல் மூலம் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் உற்பத்திக் கணக்கு அட்டவணை. டேமேஜ் அதிகமான கட்டங்கள் எல்லாம் ஒன்றாகத் தேர்வாகி நிற்க வேண்டும். ஒவ்வொரு கட்டமாகப் போகும் லூப் (நிரலின் சுழற்சி) ஓடியும் கடைசிக் கட்டம் மட்டுமே தேர்வாகிறது. இதுதான் கேள்வி.

டேட்டாகிரிட்வியூ என்பது விண்டோஸ் ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோஸ் செயலிகளின் திரைகளை உருவாக்கும் தொகுப்பு) அட்டவணை காட்டும் கன்ட்ரோல். அதில் இரண்டு தனித்தனி நிலைகள் உண்டு. 'கரண்ட்செல்' என்பது கர்சர் இப்போது நிற்கும் கட்டம், எப்போதும் ஒன்றுதான். 'செலக்டட்' என்பது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக உள்ள அடையாளம், எத்தனை கட்டத்துக்கும் வைக்கலாம். செக்கிங் மேசையில் கையில் இருக்கும் பீஸ் ஒன்று, ஆனால் பழுதுக்கு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ்கள் பல, அது போலத்தான்.

லூப்புக்குள் கரண்ட்செல்லை மாற்றினால், அந்த கன்ட்ரோல் அதை மவுஸால் புதிதாகச் சொடுக்கியது போல எடுத்துக்கொண்டு பழைய தேர்வை அழித்துவிடும். அதனால் முதலில், பல கட்டங்களைத் தேர்வு செய்ய விடும் 'மல்ட்டிசெலக்ட்' பண்பு ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். 'செலக்‌ஷன்மோட்' 'செல்செலக்ட்' ஆக இருக்கட்டும். 'ஃபுல்ரோசெலக்ட்' இருந்தால் வரிசை முழுதும் தேர்வாகிவிடும். சரி, அப்புறம் பழைய தேர்வை நீக்கும் 'கிளியர்செலக்‌ஷன்' அழைத்துவிட்டு, வேண்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் செலக்டட் பண்பை ட்ரூ ஆக்குங்கள். கர்சரையும் நகர்த்த வேண்டுமா? தேர்வை நீக்குவதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள். இந்த வரிசைமுறைதான் முக்கியம், பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறது.

தேர்வான கட்டங்களைத் தரும் 'செலக்டட்செல்ஸ்' பட்டியலில் கட்டத்தைச் சேர்த்தால் அது தேர்வாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அந்தப் பட்டியல் படிக்க மட்டுமே, அதில் எதையும் சேர்க்க முடியாது.