பாலைவனத்தில் இருக்கும் ஃபீனிக்ஸ், விவசாய ஊரிலிருந்து பெருநகரமானது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகரம் தோன்றக் காரணம் சால்ட் ஆற்றுத் தண்ணீரே. ஹோஹோகம் தொல்குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிக் கைவிட்ட கால்வாய்த் தடங்களைக் கண்ட ஜாக் ஸ்வில்லிங், 1867இல் பாசன நிறுவனமொன்றைத் தொடங்கி அவ்வழியையொட்டி நீர் கொண்டுவந்தார். பழைய குடியிருப்பின் இடிபாடுகள்மேல் எழுந்த ஊர் என்பதாலேயே, சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பறவையின் பெயர் அதற்கு வாய்த்தது. 1911இல் முடிந்த ரூஸ்வெல்ட் அணை பாசனத்தை உறுதிசெய்ய, பருத்தியும் ஆரஞ்சும் செழித்தன.

ஆனால் அதைப் பெருநகரமாக்கியது விவசாயமன்று. இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படைத் தளங்களும், பின்னர் வந்த மின்னணுத் தொழிற்சாலைகளும், என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்சாதனக் கருவியுமே. 1950இல் சுமார் 1,07,000 ஆக இருந்த மக்கள்தொகை 1960இல் 4,39,000ஐ எட்டியது (அண்டைப் பகுதிகளை நகர எல்லைக்குள் சேர்த்ததும் இதற்கு ஒரு காரணம்). வயல்கள் வீட்டுமனைகளாக, பாசன நீரில் பெரும்பங்கு குடிநீர்க் குழாய்களுக்குத் திரும்பியது.